பாஸ்கா தொடங்கிய நாளில் முதலமைச்சரான டேவிட் மார்ஷல்

1955ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் தேதி, புதன்கிழமை. சிங்கப்பூரின் முதல் முதலமைச்சராக டேவிட் மார்ஷல் பொறுப்பேற்ற நாள் அது. இந்நாட்டு வரலாற்றைப் படித்தவர்கள் கடந்துவந்திருக்கும் தேதிதான். யூதர் நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அதே நாளுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. நிசான் மாதத்தின் 14ஆம் நாள் அது. அன்று சூரியன் மறைந்ததும் பாஸ்கா பிறந்தது.

காலையில் ஆட்சிப் பொறுப்பு, மாலையில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கதையைச் சொல்லும் பண்டிகை. யாரும் திட்டமிட்டு அமைத்த பொருத்தம் இல்லை. ஏப்ரல் 2ஆம் தேதி தேர்தல் நடந்தது. அது ஒரு சனிக்கிழமை. பாஸ்காவுக்கு முந்தைய ஓய்வுநாளான அந்தச் சனிக்கிழமையை யூதர்கள் பெரிய ஓய்வுநாள் என்று அழைப்பார்கள். தேர்தல் அலுவலகம் குறித்த தேதிகளும் நிலவைக் கணக்கிட்டு நகரும் யூதர் பண்டிகையும் அந்த ஆண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆனால் மார்ஷலின் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்க இதைவிட நல்ல வாசல் கிடைப்பது கடினம்.

அவர் சார்ந்த சமூகம் இத்தீவின் ஆகச் சிறிய சமூகங்களில் ஒன்று. 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிங்கப்பூர் யூதர்களின் எண்ணிக்கை 832. போருக்குப் பிறகு பல குடும்பங்கள் ஆஸ்திரேலியா, பிரிட்டன், அமெரிக்கா, இஸ்ரேல் என்று குடிபெயர, அந்தச் சமூகம் இன்னும் சுருங்கியது. என் இனத்தார் எனக்கு வாக்களிப்பார்கள் என்று கணக்குப் போட அவருக்கு ஒரு தெருகூடக் கிடையாது. சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் யுரேசியரும் வாக்களித்துத்தான் அவர் வென்றார்.

பாஸ்கா என்றால் என்ன?

தமிழ்க் கிறிஸ்துவர்களுக்குப் பாஸ்கா என்ற சொல் பழக்கமானது. மற்றவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லலாம். எகிப்தில் அடிமைகளாகச் செங்கல் அறுத்துக்கொண்டிருந்த இஸ்ரவேலர், மோசேயின் தலைமையில் ஓர் இரவில் விடுதலை பெற்று வெளியேறினார்கள் என்பது யூதர் மறைநூல் கூறும் வரலாறு. பிசைந்த மாவு பொங்குவதற்குக்கூட நேரமில்லாத அவசரம். அதன் நினைவாகப் பண்டிகை நாள்களில் புளித்த மாவில் செய்த எதையும் யூதர்கள் தொடுவதில்லை. மாட்சா எனப்படும் தட்டையான புளிப்பில்லா ரொட்டிதான் உணவு. இஸ்ரேலுக்கு வெளியே இப்பண்டிகை எட்டு நாள் நீடிக்கும்.

பண்டிகைக்கு முன்பே வீட்டைத் தலைகீழாகப் புரட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். அலமாரி இடுக்கில் ஒரு ரொட்டித் துணுக்குகூட இருக்கக்கூடாது. பொங்கலுக்கு முன் வீட்டை ஒழிக்கும் வேலையை அறிந்தவர்களுக்கு அந்த அலுப்பு புரியும்.

முதல் இரவில் செடர் விருந்து. மேசையில் ஒரு தட்டு. அதில் கசப்புக் கீரை, வேகவைத்த முட்டை, சுட்ட ஆட்டெலும்பு என ஒவ்வொன்றும் ஒரு நினைவைச் சுமக்கும். ஹகாதா என்ற நூலைக் குடும்பமே சேர்ந்து வாசிக்கும். அதில் ஒரு விதி. வீட்டில் ஆக இளைய பிள்ளைதான் கேள்வி கேட்க வேண்டும். மற்ற இரவுகளிலிருந்து இந்த இரவு ஏன் வேறுபடுகிறது என்று பிள்ளை கேட்கும். பெரியவர்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். ஒவ்வொரு தலைமுறையினரும் எகிப்திலிருந்து தாமே புறப்பட்டு வந்ததாக எண்ணிக்கொள்ள வேண்டும் என்பதும் அந்த இரவின் போதனை.

சிங்கப்பூரில் வேர்விட்ட யூதர்கள் பெரும்பாலும் பாக்தாத் வழி வந்தவர்கள். பாக்தாத், பம்பாய், கல்கத்தா, ரங்கூன், சிங்கப்பூர், ஹாங்காங், ஷங்ஹாய் என்று வணிகப் பாதை நெடுகிலும் இவர்கள் பரவியிருந்தார்கள். இவர்களின் பாஸ்கா ஐரோப்பிய யூதர்களின் பாஸ்காவிலிருந்து சில விதங்களில் மாறுபட்டது. ஐரோப்பியர் பாஸ்கா நாள்களில் அரிசியை விலக்க, பாக்தாத் வழியினர் அரிசி உண்பார்கள். ஆனால் கோதுமை மணி எதுவும் கலந்திருக்கவில்லை என்று உறுதிசெய்ய அரிசியைப் பரப்பி ஒன்றுக்கு மேற்பட்ட முறை பொறுக்கி எடுப்பார்கள். எகிப்தில் பூசிய களிமண் சாந்தின் நினைவாக மற்றவர்கள் ஆப்பிள் துருவலை வைக்கும்போது, இவர்கள் பேரீச்சம்பழத்தைக் கொதிக்கவைத்து, துணியில் வடித்து, பாகாக்கி, மேலே வால்நட் கொட்டைப் பொடியைத் தூவி வைப்பார்கள். இதற்கு ஹலெக் என்று பெயர்.

இவர்களிடம் ஒரு சிறு நாடகமும் உண்டு. மாட்சாவைத் துணியில் மூட்டையாகக் கட்டி ஒரு பிள்ளையின் தோளில் தொங்கவிடுவார்கள். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்க, எகிப்திலிருந்து என்று பிள்ளை சொல்லும். எங்கே போகிறாய் என்றால் எருசலேமுக்கு என்று பதில் வரும். ஹகாதா எபிரேயத்தில் வாசிக்கப்பட்ட பின், பாக்தாத் யூதர்கள் வீட்டில் பேசிய அரபு மொழியில் அதன் பொருள் சொல்லப்படும்.

தேக்காவுக்குப் பக்கத்தில் பிறந்தவர்

இப்படிப்பட்ட ஒரு பாக்தாத் வழிக் குடும்பத்தில், 1908ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் தேதி டேவிட் சால் மஷால் பிறந்தார். குடும்பப் பெயர் பின்னர்தான் மார்ஷல் என்று ஆங்கிலச் சாயலுக்கு மாறியது. சிலிகி ரோடு, மிடில் ரோடு, வில்கி ரோடு, சோஃபியா ரோடு ஆகிய சாலைகளைச் சுற்றிய வட்டாரம்தான் அன்றைய யூதர் குடியிருப்பு. அரபுச் சொல்லால் அதை மஹல்லா என்று அழைத்தார்கள். தேக்காவிலிருந்து நடந்து போகும் தொலைவு. சிலிகி ரோட்டில் இன்றும் நிற்கும் எலிசன் கட்டடத்தின் முகப்பையும் மிடில் ரோட்டுச் சந்தியிலுள்ள டேவிட் எலையஸ் கட்டடத்தையும் அண்ணாந்து பார்த்தால் ஆறுமுனை நட்சத்திரம் தெரியும். தீபாவளிச் சந்தைக்குப் போகும் வழியில் பலர் அதைக் கவனிக்காமலே கடந்திருப்பார்கள்.

வாட்டர்லூ ஸ்ட்ரீட்டில் 1878ல் திறக்கப்பட்ட மகேன் அபோத் தொழுகைக்கூடம் இருக்கிறது. அதே தெருவில் ஸ்ரீ கிருஷ்ணன் கோவிலும் குவான் இம் ஆலயமும் உள்ளன. ஒரே தெருவில் மூன்று சமயத்தார் வழிபடுவது மார்ஷலின் தலைமுறைக்கு விளக்கம் தேவைப்படாத அன்றாடக் காட்சி.

வீட்டில் யூத நெறி கண்டிப்புடன் பின்பற்றப்பட்டது. பள்ளிகளோ கிறிஸ்துவப் பள்ளிகள். செயின்ட் ஜோசஃப்ஸ், செயின்ட் ஆண்ட்ரூஸ், பின்னர் ராஃபிள்ஸ் கல்வி நிலையம் என்று படித்தார். வீட்டில் ஒரு நாட்காட்டி, வகுப்பறையில் இன்னொன்று. தைப்பூசத்திற்கு விடுப்புக் கடிதம் எழுதிய பிள்ளைகளுக்கு இந்த நிலை தெரிந்ததே.

படிப்பில் கெட்டிக்காரரான அவர் குவீன்ஸ் உபகாரச் சம்பளத்தைக் குறிவைத்து உழைத்தபோது உடல்நலம் குலைந்தது. சுவிட்சர்லாந்துக்கு அனுப்பப்பட்டார். உடல் தேறிய பின் பெல்ஜியத்தில் துணி உற்பத்தித் துறையைப் படித்தார். சிங்கப்பூர் திரும்பி விற்பனையாளர், எழுத்தர், மொழி ஆசிரியர் என்று கிடைத்த வேலைகளைச் செய்து பணம் சேர்த்தார். 26 வயதில், சட்டம் படிக்கச் சொந்தச் சேமிப்பில் லண்டனுக்குக் கப்பலேறினார். வழக்கறிஞராகச் சிங்கப்பூர் திரும்பியது 1937ல்.

கேள்வி கேட்பது வழிபாட்டின் ஒரு பகுதியாகவே இருக்கும் வீட்டில் வளர்ந்தவர், குறுக்கு விசாரணையில் பெயரெடுத்ததில் வியப்பில்லை. குற்றவியல் வழக்குகளில் அவருக்கு இணை அவரே என்ற நிலை பின்னாளில் உருவானது. நூறு கொலை வழக்குகளில் 99 பேரை விடுவித்தவர் என்ற ஒரு கணக்கு அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. எண் எதுவாக இருந்தாலும், தூக்குமேடைக்கு அருகில் நின்ற ஏழைகள் தேடிப்போன பெயர் மார்ஷல் என்பதில் சந்தேகமில்லை.

சிறையில் கழிந்த பாஸ்காக்கள்

ஐரோப்பாவில் ஹிட்லரின் கை ஓங்கிய 1938ல் மார்ஷல் தொண்டூழியப் படையில் சேர்ந்தார். 1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அவர் போர்க்கைதியாகி சாங்கிக்குப் போனார். ஏழு வாரங்களுக்குள் பாஸ்கா வந்தது.

வெளியே இருந்த யூதர்களின் நிலை வேறு விதமாகக் கொடுமையானது. வசதியுள்ள பல குடும்பங்கள் ஜப்பானியர் வருவதற்கு முன்பே இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறிவிட்டன. எஞ்சியிருந்தவர்கள் கையில் அடையாளப் பட்டை அணிய வேண்டியிருந்தது. 1943 ஏப்ரலில், பாஸ்கா நெருங்கும் வேளையில், சுமார் 100 யூத ஆண்கள் பிடிக்கப்பட்டுச் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். 1945ல் பெண்களும் குழந்தைகளும் சைம் ரோடு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மலாயாத் தமிழர்கள் சயாம் மரண ரயில்பாதையில் மடிந்துகொண்டிருந்த அதே காலம் அது.

மார்ஷலை 1943ல் ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவுக்கு அனுப்பினார்கள். நிலக்கரிச் சுரங்க வேலை. மார்ச் முடிந்தும் பனி விலகாத ஊர். அடிமை வேலையிலிருந்து விடுபட்ட கதையை ஆண்டுதோறும் கேட்டு வளர்ந்தவர், 1944லும் 1945லும் அந்தப் பண்டிகை வந்த நாள்களில் கட்டாய வேலை செய்யும் கைதியாக இருந்தார். கசப்புக் கீரையின் பொருளை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது.

1946ல் சிங்கப்பூர் திரும்பியபோது அவருக்கு 38 வயது. அந்த ஆண்டே யூதர் நலவாரியம் அமைக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் மார்ஷல். வீடிழந்தவர், வேலையிழந்தவர், உடல்நலம் கெட்டவர், படிப்பு நின்றுபோன பிள்ளைகள் என்று உதவி தேவைப்பட்ட குடும்பங்கள் நிறைய. பெரும் செல்வந்தர்கள் சிலரையும் அன்றாடச் சாப்பாட்டுக்கே திண்டாடும் பலரையும் கொண்டது மஹல்லாச் சமூகம். மேனாசே மேயர் போன்ற பெருவணிகர்களின் பெயர்தான் வெளியே தெரிந்தது. ஆக்ஸ்லி ரைசில் தம் வீட்டு வளாகத்திலேயே 1905ல் ஒரு தொழுகைக்கூடம் கட்டியவர் மேயர். சின்னக் கடை வைத்திருந்த, வீடு வீடாகப் போய்ப் பொருள் விற்ற யூதர்களைப் பற்றி அதிகம் எழுதப்படவில்லை. நலவாரியம் அந்தக் குடும்பங்களுக்கானது. செடர் விருந்தின் தொடக்கத்தில், பசித்தவர் யாராயினும் வந்து உண்ணலாம் என்ற அழைப்பு வாசிக்கப்படுவது வழக்கம். அந்த அழைப்பை ஆண்டு முழுவதுக்குமான கணக்கு வழக்காக மாற்றும் வேலையைத்தான் நலவாரியம் செய்தது.

அதே காலத்தில் முன்னாள் போர்க்கைதிகளுக்கு இழப்பீடு கோரும் முயற்சியிலும் அவர் ஈடுபட்டார். அரசியல் அங்கிருந்து வெகு தூரத்தில் இல்லை.

படிக்கட்டுக்கு அடியில் ஓர் அலுவலகம்

1955 தேர்தலுக்காகச் சட்டமன்றத்தில் முதன்முறையாகப் பெரும்பான்மை இடங்கள் மக்களின் வாக்குக்கு விடப்பட்டன. 32 இடங்களில் 25. பிரிட்டிஷார் எதிர்பார்த்தது வசதிபடைத்த, ஆங்கிலம் பேசுவோரின் முற்போக்குக் கட்சி வெல்லும் என்று. மார்ஷல் தலைமையிலான தொழிலாளர் முன்னணி பத்து இடங்களைப் பிடித்தது. கெய்ர்ன்ஹில் தொகுதியில் முற்போக்குக் கட்சித் தலைவர் சி. சி. டானையே மார்ஷல் தோற்கடித்தார். எம்பிரஸ் பிளேசில் ஒரு பழைய மரத்தடியில் மதிய உணவு வேளையில் அவர் பேசிய கூட்டங்கள் அத்தேர்தலின் அடையாளமாயின.

இப்படியாக அந்தப் புதன்கிழமை வந்தது. பொறுப்பேற்ற முதலமைச்சருக்கு உட்கார அறை இல்லை. ஆளுநர் சர் ஜான் நிக்கல் அப்படி ஒன்றை ஏற்பாடு செய்திருக்கவில்லை. முதலமைச்சர் என்பது பெயரளவுப் பதவி என்ற எண்ணம். அறை தராவிட்டால் அந்த மரத்தடியிலேயே மேசை போட்டு அலுவல் பார்ப்பேன் என்று மார்ஷல் மிரட்டிய பிறகு, படிக்கட்டுக்குக் கீழே ஒரு சிறு இடம் ஒதுக்கப்பட்டது. கோட்டும் டையும் இல்லாமல் புஷ் சட்டையோடு அவர் வலம்வந்தது ஆங்கிலேய அதிகாரிகளுக்கு எரிச்சலைத் தந்தது.

பண்டிகையின் எட்டு நாளும், ஏப்ரல் 14 வரை, புதிய அரசாங்கம் கால் ஊன்றிய நாள்கள். 22ஆம் தேதி சட்டமன்றம் கூடியது. மறுநாளே ஹாக் லீ பேருந்து நிறுவனத்தில் போராட்டம் வெடித்தது. மே 12ல் அது கலவரமாகி நான்கு உயிர்களைப் பறித்தது. பதவியேற்று ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. ஒருபுறம் அவரை மென்மையானவர் என்று ஏசிய பிரிட்டிஷார், மறுபுறம் காலனித்துவக் கைப்பாவை என்று ஏசிய இடதுசாரிகள். நடுவில் நின்றவருக்குத் தோள் கொடுக்க ஆளில்லை.

அவர் கோபக்காரர். பேச்சில் நாடகத்தன்மை அதிகம். பதவி விலகுவேன் என்ற சொல்லை அடிக்கடி எடுத்தவர். உதவி அமைச்சர்கள் நால்வரை நியமிப்பதில் ஆளுநரோடு மோதியபோதும் அதையே சொன்னார். அன்று லண்டன் இறங்கிவந்தது. முதலமைச்சரின் ஆலோசனைப்படி ஆளுநர் நடக்க வேண்டும் என்ற நிலை உருவானது. இதை அவருடைய முதிர்ச்சியின்மை என்று எழுதியவர்கள் உண்டு. ஆனால் அறைகூடத் தரப்படாத ஒருவர் அதிகாரத்தை இரவல் வாங்காமல் பறித்தெடுக்க வேறு எந்த வழி இருந்தது என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே.

வாரந்தோறும் மக்களை நேரில் சந்தித்துக் குறைகேட்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் அவர்தான். இன்று ஒவ்வொரு தொகுதியிலும் நடக்கும் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்கு மூலம் அங்கே இருக்கிறது.

தமிழர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டிய இன்னொரு தேதி 1956 பிப்ரவரி 9. சட்டமன்ற வாய்மொழி விவாதங்களில் ஆங்கிலத்தோடு மலாய், மாண்டரின், தமிழ் ஆகிய மொழிகளும் இடம்பெற வேண்டும் என்ற தீர்மானத்தை அன்று மன்றம் ஏற்றது. அதை முன்மொழிந்தவர் முதலமைச்சர் மார்ஷல். அவருடைய சமூகத்தின் எபிரேயத்துக்கோ அரபுக்கோ அந்தப் பட்டியலில் இடமில்லை, அவர் அதைக் கேட்கவும் இல்லை. சபையில் தன் மொழி ஒலிப்பதைக் கேட்கும் உரிமையை மற்றவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞராகவே அவர் அன்று நின்றார்.

குடியுரிமையிலும் அவர் அப்படித்தான். சீனாவில் பிறந்து, பல பத்தாண்டுகள் சிங்கப்பூரில் உழைத்து, இங்கே பிள்ளை பெற்று, ஆனால் வாக்குரிமை இல்லாமல் இருந்தவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். அவர்களை இந்த ஊர்க்காரர்களாக ஏற்க வேண்டும் என்று மார்ஷல் விடாமல் வலியுறுத்தினார். நீங்களும் எகிப்தில் அந்நியராக இருந்தவர்கள், அதனால் அந்நியரை ஒடுக்காதீர்கள் என்ற கட்டளை யூதர் மறைநூலில் திரும்பத் திரும்ப வருவது. அதை மேடையில் சொன்னாரோ இல்லையோ, அவர் அரசியலின் அடிநாதம் அதற்கு வெகு அருகில் இருந்தது.

லண்டனிலிருந்து பீக்கிங் வரை

1956 மார்ச்சில் மெர்டேக்கா வாரம் நடந்தது. சுதந்திரம் கோரி 170,000 கையெழுத்துகள் திரட்டப்பட்டன. காலாங்கில் திரண்ட பெருங்கூட்டத்தில் மேடை சரிந்து குழப்பமானது. எட்டு நாள் கழித்து, மார்ச் 26 மாலையில், பாஸ்கா பிறந்தது. ஏப்ரலில் அனைத்துக் கட்சிக் குழுவோடு மார்ஷல் லண்டனில் பேச்சுவார்த்தை மேசையில் அமர்ந்தார். லீ குவான் இயூவும் லிம் சின் சியோங்கும் அக்குழுவில் இருந்தார்கள்.

முழு உள்நாட்டுத் தன்னாட்சி கிடைக்காவிட்டால் பதவி விலகுவேன் என்று புறப்படுமுன் அவர் வாக்களித்திருந்தார். உள்நாட்டுப் பாதுகாப்பில் இறுதிச் சொல் யாருக்கு என்பதில் பேச்சு முறிந்தது. மே மாதம் வெறுங்கையோடு திரும்பினார். ஜூன் தொடக்கத்தில் சொன்னபடி விலகினார். பதவியில் இருந்தது 14 மாதம்.

வாக்குறுதியைக் காப்பாற்றப் பதவியைத் துறந்த அந்தச் செயலை அவர் பின்னர் எப்படி எடைபோட்டிருந்தாலும், அதற்குரிய விலையைக் கொடுத்தார். அவருக்குப் பின் முதலமைச்சரான லிம் யூ ஹோக் காலத்தில் தன்னாட்சி உடன்பாடு கைகூடியது. 1959ல் அதை ஏற்று ஆட்சி அமைத்தது மக்கள் செயல் கட்சி. மக்களை வழிநடத்தி வந்து, வாக்களிக்கப்பட்ட நிலத்துக்குள் தான் நுழையாமல் போன மோசேயோடு மார்ஷலை ஒப்பிடத் தோன்றும். ஒப்புமை பாதிதான் பொருந்தும். மோசே பேச நா எழாதவர் என்கிறது மறைநூல். மார்ஷலுக்கு அந்தக் குறை ஒருநாளும் இருந்ததில்லை.

பதவி போன சில வாரங்களிலேயே அவர் வாழ்வின் அதிகம் பேசப்படாத அத்தியாயம் தொடங்கியது. 1956 ஆகஸ்டில் அவர் சீனா சென்று இரண்டு மாதங்களுக்குமேல் பயணம் செய்தார். ஷங்ஹாயில் ஒருகாலத்தில் பாக்தாத் வழிப் பெருவணிகர்கள் மாளிகைகள் கட்டினார்கள். ரஷ்யப் புரட்சிக்குத் தப்பியவர்களும் நாஜிகளுக்குத் தப்பியவர்களும் அந்நகரில் அடைக்கலம் புகுந்தார்கள். 1949ல் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்த பின் பெரும்பாலோர் வெளியேறிவிட்டார்கள். ஆனால் ரஷ்யப் பூர்வீகம் கொண்ட நூற்றுக்கணக்கான யூதர்கள் வெளியேறும் அனுமதி கிடைக்காமல் மாட்டிக்கொண்டிருந்தார்கள். தொழில் இல்லை, செல்லத்தக்க கடப்பிதழ் இல்லை, போக வழியும் இல்லை.

மார்ஷல் அவர்களின் விவகாரத்தைச் சீனப் பிரதமர் சூ என்லாயிடம் நேரடியாகக் கொண்டுபோனார். அவருக்கு அப்போது எந்த அரசாங்கப் பதவியும் இல்லை. பின்னால் படையோ பணமோ கிடையாது. இருந்தது ஒரு வழக்கறிஞரின் வாதத்திறன் மட்டும். வெளியேறும் அனுமதி கிடைக்கத் தொடங்கியது. குடும்பம் குடும்பமாக அவர்கள் சீனாவை விட்டுப் புறப்பட்டார்கள்.

லண்டனில் ஒரு நாட்டுக்காக வாதாடித் தோற்றவர், அதே ஆண்டில் பீக்கிங்கில் சில நூறு பேருக்காக வாதாடி வென்றார். வரலாற்றுப் புத்தகங்கள் முதலாவதைப் பல பக்கங்களில் எழுதுகின்றன. அந்த நூற்றுக்கணக்கானோரின் வீடுகளில் அடுத்த பாஸ்கா மேசையில், எங்கிருந்து வருகிறாய் என்ற கேள்விக்குச் சொல்ல ஒரு புதிய ஊர்ப் பெயர் இருந்தது.

பிந்திய ஆண்டுகள்

1957 நவம்பரில் மார்ஷல் பாட்டாளிக் கட்சியை நிறுவினார். 1961 ஜூலையில் ஆன்சன் இடைத்தேர்தலில் வென்று சட்டமன்றம் திரும்பினார். மலேசியாவுடன் இணையும் நிபந்தனைகளை எதிர்த்தார். 1963ல் தோற்ற பின் தேர்தல் அரசியலை விட்டு நீதிமன்றத்துக்கே திரும்பினார். கொலை வழக்குகளில் நடுவர் குழு முறையை ஒழிக்க 1969ல் அரசாங்கம் முற்பட்டபோது உரத்து எதிர்த்தவர்களில் அவர் முக்கியமானவர். முறை ஒழிக்கப்பட்டது.

1961ல் அவர் ஜீன் கிரே என்ற ஆங்கிலேயப் பெண்மணியை மணந்தார். அவர் யூதர் அல்லர். நான்கு பிள்ளைகள் பிறந்தார்கள். கண்டிப்பான நெறியில் வளர்ந்த ஒருவர் சமூகத்துக்கு வெளியே மணம் முடிப்பது சிறு சமூகங்களில் எப்படிப் பார்க்கப்படும் என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. ஆனால் தாம் யூதர் என்பதை மார்ஷல் எக்காலத்திலும் மறைக்கவுமில்லை, மழுப்பவுமில்லை.

1978ல், எஸ். ராஜரத்தினம் வெளியுறவு அமைச்சராக இருந்த காலத்தில், மார்ஷல் பிரான்சுக்கான சிங்கப்பூர்த் தூதராக நியமிக்கப்பட்டார். ஆளும் கட்சியைக் கடுமையாகச் சாடிவந்த ஒருவர் அதே அரசாங்கத்தின் சார்பில் வெளிநாடு போனது அப்போது பலரை வியக்கவைத்தது. 15 ஆண்டுகள் பாரிசில் இருந்தார். போர்ச்சுகல், ஸ்பெயின், சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளையும் கவனித்துக்கொண்டார். இளமையில் நோயாளியாகப் போன சுவிட்சர்லாந்துக்கு முதுமையில் தூதராகப் போனார். தூதராக இருந்தபோதும் ஓய்வுபெற்று 1993ல் ஊர் திரும்பிய பின்னும் உள்நாட்டுச் சுதந்திரங்களைப் பற்றிய அவருடைய விமர்சனம் ஓயவில்லை.

1995ல் பாஸ்கா ஏப்ரல் 14ஆம் தேதி மாலையில் பிறந்தது. படிக்கட்டுக்கு அடியில் அலுவலகம் அமைத்த அந்தப் பாஸ்காவுக்குப் பின் 40 ஆண்டுகள் ஓடியிருந்தன. அவருக்கு 87 வயது. அது அவருடைய கடைசிப் பாஸ்கா. அவ்வாண்டு டிசம்பர் 12ஆம் தேதி நுரையீரல் புற்றுநோயால் மார்ஷல் காலமானார். சுவா சூ காங்கில் உள்ள யூதர் இடுகாட்டில், மஹல்லாவில் பிறந்த மற்றவர்களோடு அவர் அடக்கம் செய்யப்பட்டார்.